வண்ணமீன்கள் ஒன்றாக வாழுமா?

கொளத்தூர், மாதவரம், செங்குன்றம் வட்டாரத்தில் வண்ணமீன் வளர்ப்பு பல குடும்பங்களின் தொழில். சிமெண்டுத் தொட்டிகளிலும் சிறு குளங்களிலும் வளர்ந்த தங்கமீன், கப்பி, மாலி, தேவதை மீன் முதலியன இங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்து மாணவர்களுக்கு இவை பழக்கமான மீன்கள். இவை யாவும் நன்னீர் மீன்கள்.

சில கடைகளில் மட்டும் ஒரு மூலையில் தனியாக ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கும். அதில் ஆரஞ்சும் வெள்ளையும் பட்டையிட்ட கோமாளி மீன் நீந்தும். நீலம், மஞ்சள், ஊதா என்று வேறு பல மீன்களும் இருக்கும். அவை கடல் மீன்கள், பவளப்பாறைகளில் வாழ்பவை. அவற்றைக் கண்ட எவருக்கும், 'நம் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி இருந்தால்!' என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் நிறத்தைப் பார்த்து நான்கு மீன்களை வாங்கி வந்து ஒரே தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? ஒன்று மற்றொன்றின் துடுப்பைக் கடிக்கும். ஒன்று உணவு கிடைக்காமல் மெலியும். பெரியது சிறியதை விழுங்கிவிடும். சில வாரங்களில் தொட்டியில் ஒரு மீனே மிஞ்சலாம். அதுவும் மிஞ்சாமல் போகலாம். ஆகவே, அழகான மீன் எது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எந்த மீன்கள் ஒன்றாக வாழும், ஏன் என்றும் கேட்க வேண்டும். இக்கேள்விக்கு விடை சொல்ல இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றுமே தேவைப்படும்.

தாகம் கொண்ட மீன்

கடல் மீனுக்குத் தாகம் எடுக்கும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? எலும்புள்ள கடல் மீன்களின் உடல் நீரில் உள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு மெல்லிய சவ்வின் வழியே நீர் கசியும் என்பதைச் சவ்வூடு பரவல் பாடத்தில் படித்திருப்பீர்கள். செவுள்களின் தோல் அத்தகைய மெல்லிய சவ்வு. எனவே கடல் மீனின் உடலிலிருந்து ஓயாமல் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடிக்கிறது. குடித்த நீரில் உள்ள மிகுதியான உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது.

நன்னீர் மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் உடலுக்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அது நீர் குடிப்பதே இல்லை எனலாம்; உள்ளே வந்த நீரை நீர்த்த சிறுநீராக வெளியேற்றுகிறது. தங்கமீனைக் கடல்நீரில் விட்டாலும், கோமாளி மீனைக் குளத்து நீரில் விட்டாலும் இறந்துபோவதற்குக் காரணம் இதுதான். இரண்டின் உடல் இயந்திரங்களும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன.

கடல்நீரைக் கொண்டு வரலாமா?

கடல் மிக அருகில் இருக்கிறதே, ஒரு குடத்தில் மொண்டு வந்தால் என்ன என்று கும்மிடிப்பூண்டி மாணவர் கேட்கலாம். கரையோர நீர் எப்போதும் தூய்மையாக இருப்பதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. துறைமுகங்களும் ஆலைகளும் கழிமுகங்களும் உள்ள கரையில் நீரை மொண்டால், கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெயும் உலோகங்களும் கூடவே வந்துவிடலாம். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோர நீரின் உப்பும் குறைந்துவிடும்.

எனவே தூய நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்துக்கொள்வதே நல்லது. சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்குதான் சோடியம் குளோரைடு. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புகள் மீதிப் பங்கு. மீன்களுக்கு அவையும் தேவை.

கிணற்று நீரைப் பயன்படுத்தலாமா? மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது 1960-களின் இறுதியிலேயே அறியப்பட்டது. ஆகவே ஒரு கிணற்று நீரில் ஏற்கெனவே எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டிய நீரே பாதுகாப்பானது. காட்டுப்பள்ளியில் 2010-ல் இயங்கத் தொடங்கிய மீஞ்சூர்க் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருமாறு அமைக்கப்பட்டது. அங்கே நடப்பதும் இதே முறைதான். அங்கே கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கிறார்கள். நாமோ பிரித்த நீரில் மீண்டும் உப்பைச் சேர்க்கிறோம்!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியின் நீளம் 90 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 45 செ.மீ. எனில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 182 லிட்டர். கல்லும் மணலும் போட்டு, மேலே சற்று இடமும் விட்டால் நீர் 150 லிட்டர் பிடிக்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆக, 150 லிட்டருக்கு 5,250 கிராம், அதாவது ஐந்தேகால் கிலோ உப்புத் தேவை.

இனி, கோடையில் 15 லிட்டர் நீர் ஆவியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 5,250 கிராம் உப்பு இப்போது 135 லிட்டரில் இருக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராம் ஆகிவிட்டது! ஆகவே குறைந்த நீரை ஈடுசெய்ய உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். நீர் குறைந்ததே என்று உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

மீனின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2. காரத்தன்மை கூடக் கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். எனவே நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு அம்மோனியாகூடக் கடல் தொட்டியில் உயிரைப் பறித்துவிடும்.

இந்த நஞ்சை அகற்றுபவை பாக்டீரியாக்கள். ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் தீங்கானதே. மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. வாரந்தோறும் சிறிதளவு நீரை மாற்றினால் அது குறைந்துவிடும். ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நுண்ணுயிர்களைக்கொண்டு இதைப்போன்ற வேலையைச் செய்விக்கிறார்கள்.

இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடலாகாது. தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குபவர்களின் மீன்கள் ஏன் முதல் வாரத்திலேயே சாகின்றன என்பது இப்போது விளங்கும்.

நிறம் எதற்கு? சண்டை எதற்கு?

பவளப்பாறை மீன்களுக்கு ஏன் இத்தனை நிறம்? ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லோரன்ஸ் இதைப்பற்றிச் சிந்தித்தார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-ல் நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டவர் அவர். பளிச்சென்ற நிறமுடைய பவளப்பாறை மீன்கள் வேற்றின மீனைவிடத் தம் இனத்து மீனையே மிகக் கடுமையாகத் தாக்குவதை அவர் கண்டார். நிறம் ஒரு கொடி போன்றது; 'இது என் இடம், என்னைப் போன்றவனே விலகிப் போ' என்று அறிவிப்பது என்று 1963-ல் வெளிவந்த நூலில் எழுதினார். ஒரே உணவை உண்ணும் ஓரினத்து மீன்கள் ஒரே இடத்தில் குவிந்தால் எல்லாமே பட்டினி கிடக்கும். சண்டை அவற்றைப் பாறை முழுதும் பரவலாக அமர்த்துகிறது என்பது அவர் கருத்து.

பின்வந்த ஆய்வாளர்கள் இதற்கு விதிவிலக்குகள் பலவற்றைக் காட்டினார்கள். நிறம் மிகுந்தும் கூட்டமாக வாழும் மீன்கள் உண்டு. நீலமும் மஞ்சளும் கலந்த பட்டைகள் அருகில் பளிச்சென்று தெரிந்தாலும், தொலைவிலிருந்து பார்க்கும் மீனின் கண்ணுக்கு ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடலாம் என்றும் கண்டார்கள். ஆக, நிறத்துக்குக் காரணம் ஒன்றல்ல, பல. ஆயினும் லோரன்சு கண்ட உண்மை ஒன்று தொட்டி வைப்பவருக்கு இன்றும் பயன்படுகிறது: ஒரே வடிவமும் ஒரே நிறமும் உடைய இரு மீன்களை ஒரு சிறு தொட்டியில் விட்டால் பெரும்பாலும் சண்டை மூளும்.

கடலில் தோற்ற மீன் ஓடிவிடும். சண்டை அதோடு முடிந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் ஓட இடமில்லை. தோற்ற மீன் மூலையில் ஒடுங்கும்; வென்ற மீனோ தன் எல்லைக்குள் அயலான் இன்னும் இருக்கிறானே என்று மீண்டும் மீண்டும் தாக்கும். கடலில் ஒரு நொடியில் முடியும் பூசல் தொட்டியில் கொலையாக முடிவது இதனால்தான்.

நான்கு கேள்விகள்

மீன் வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இது வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? கடையில் இருப்பது பெரும்பாலும் குஞ்சுதான். இரண்டாவது, இதன் வாய் எவ்வளவு பெரியது? வாயில் நுழையும் எதையும் மீன் இரையாகவே கருதும். அதில் பகையும் இல்லை, கோபமும் இல்லை. மூன்றாவது, இது எதைத் தின்னும்? நான்காவது, இது தனியிடம் பிடித்துக் காக்கும் மீனா, கூடி வாழும் மீனா?

இந்த நான்கு கேள்விகளிலும் தேறும் மீன்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

தேறும் மீன்கள்

கோமாளி மீன்: இவற்றில் ஏறத்தாழ 30 இனங்கள் உண்டு. அந்தமான் கடலிலும் காணப்படும் ஓசெல்லாரிஸ் இனம் மிகவும் சாதுவானது. ஏறத்தாழ 8 செ.மீ. வளரும். மன்னார் வளைகுடாவில் காணப்படும் செபே இனம் இதைவிடப் பெரியது, சற்று முரட்டுத்தனமானது. கோமாளி மீன்கள் யாவும் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது. அந்தப் பெண் இறந்துவிட்டால் அதன் துணையான ஆண், பெண்ணாக மாறிவிடும். பெண் மீனின் ஆதிக்கமே மற்றவை பெண்ணாக மாறாமல் தடுக்கிறது என்பதை ஹான்ஸ் ஃப்ரிக்கே, சிமோன் ஃப்ரிக்கே ஆகியோர் 1977-ல் விளக்கினர். ஆகவே இரண்டு இளம் மீன்களை வாங்கினால் போதும். காலப்போக்கில் அவை தாமே இணையாகிவிடும். இரண்டு இணைகளை ஒரே சிறு தொட்டியில் விடலாகாது. கடலில் இவை கடற்சாமந்தியின் கொடுக்குகளிடையே வாழும். தொட்டியில் கடற்சாமந்தி இல்லாமலும் நலமாக வாழும்.

பச்சைநீலக் குரோமிஸ்: ஒளி பட்டால் வெள்ளிபோல் மின்னும் சிறு மீன். கடலில் கிளைப்பவளங்களின் மேல் கூட்டம் கூட்டமாக மிதந்து நுண்ணுயிர்களைத் தின்னும். பிற இன மீன்களைத் தொந்தரவு செய்யாது. தம்முள் மேல்கீழ் வரிசை வைத்துக்கொள்ளும். எனவே இரண்டு மூன்றாக விட்டால் கடைசி மீன் துன்பப்படும். நீந்த இடமுள்ள தொட்டியில் ஒரு கூட்டமாகவே விட வேண்டும்.

பங்காய் மீன்: வெள்ளி உடலில் கறுப்புப் பட்டைகளும் வெண்புள்ளிகளும் கொண்டது, இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளுக்கே உரியது. தகப்பன் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்த பின்னும் சில நாள் அவற்றை வாயிலேயே வைத்துக் காக்கும். அந்நாட்களில் அது பட்டினி கிடக்கும். பகலில் அசைவற்று நிற்கும் அமைதியான மீன் இது.

நெருப்புமீன்: முன்பாதி வெண்மையாகவும் பின்பாதி தீக்கொழுந்து போலவும் இருக்கும் மெல்லிய மீன். எவரோடும் சண்டைக்குப் போகாது. அச்சம் வந்தால் பொந்துக்குள் பாயும். பொந்து கிடைக்காவிட்டால் தொட்டிக்கு வெளியே பாய்ந்துவிடும். ஆகவே தொட்டிக்கு வலை மூடி கட்டாயம் வேண்டும்.

காவற்கார கோபி: மணலில் வாழும் இச்சிறுமீனுக்கு ஓர் இறால் தோழன் உண்டு. இறாலுக்குப் பார்வை மங்கல், ஆனால் வளை தோண்டுவதில் வல்லது. மீனுக்குத் தோண்டத் தெரியாது, ஆனால் கண் கூர்மையானது. இறால் மண்ணை வெளியே தள்ளும்போது தன் உணர்கொம்பால் மீனைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை அசைக்கும். இரண்டும் வளைக்குள் மறையும். இதை வீட்டிலேயே காண்பது ஓர் உயிரியல் பாடம்.

150 லிட்டர் தொட்டிக்கு ஓர் இணைக் கோமாளி மீன், ஒரு நெருப்புமீன், ஒரு கோபி, ஒரு பங்காய் மீன் ஆகியன போதும். ஐந்தே மீன்களா என்று கேட்காதீர்கள். 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரிலோ ஏழுக்கும் குறைவாகவே கரையும். வெப்பம் ஏற ஏற அது இன்னும் குறையும். நம் பகுதியில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. மின்சாரம் நின்று காற்றுக்குழாய் ஓயும் நேரத்தில், மீன்கள் குறைவாக உள்ள தொட்டிதான் தப்பிப் பிழைக்கும்.

அழகுதான், ஆனால் வேண்டாம்

சிங்கமீன்: விசிறிபோன்ற துடுப்புகள் கொண்டது, முட்களில் நஞ்சு உண்டு. வாயில் நுழையும் மீன்களையெல்லாம் விழுங்கும். கிளாத்தி மீன் வலிய பற்களால் இறாலையும் நண்டையும் உடைத்துத் தின்னும், துடுப்பையும் கடிக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டையுள்ள சிறு டாம்சல் மீன்கள் விலை மலிவு, உறுதியானவை. ஆனால் வளர்ந்த பின் தொட்டி முழுதும் தனக்கே என்று உரிமை கொண்டாடும்.

நீல அறுவை மீன் திரைப்படத்தால் புகழ்பெற்றது. அது 30 செ.மீ. வரை வளரும், வால் அடியில் கத்திபோன்ற முள் உண்டு. அதற்கு நம் சிறு தொட்டி சிறைச்சாலை.

வேறு சில மீன்கள் சாதுவானவை. ஆனால் அவற்றுக்கு நம்மால் சோறு போட முடியாது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் உயிருள்ள பவளத்தையே தின்னும். மாண்டரின் மீன் நாள் முழுதும் நுண்ணிய ஓடுடைய உயிர்களைப் பொறுக்கித் தின்னும். புதிய தொட்டியில் அவை கிடைக்கா. துப்புரவு மீன் என்னும் நீலக்கோட்டு மீன் பிற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும். நாளெல்லாம் பல மீன்கள் அதனிடம் வந்து நிற்கும். அதன் அறிவு வியப்பானது: கண்ணாடியில் தெரியும் உருவம் தன்னுடையதே என்று அது உணர்வதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டனர். ஐந்து மீன்கள் உள்ள தொட்டியில் அதற்குப் பிழைப்பு ஏது?

இந்த மீன் எங்கிருந்து வந்தது?

நான்கு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். இது பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?

கடைகளில் விற்கும் நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் வண்ணமீன்களிலோ பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளில் பிடிக்கப்படுபவையே. பிலிப்பைன்சில் 1960-களிலிருந்து சயனைடு கரைசலைப் பொந்துகளில் பீய்ச்சி மயங்கிய மீன்களைப் பிடிக்கும் வழக்கம் பரவியது. அந்தக் கரைசல் பட்ட பவளமும் மடியும்; பிழைத்த மீன்களும் ஈரல் கெட்டுச் சில வாரங்களில் சாகக்கூடும். வாங்கியவர் தன் தொட்டியில்தான் குறை என்று எண்ணி வருந்துவார்.

பொரிப்பகத்தில் எல்லா மீன்களையும் உண்டாக்க முடியாதா? கோமாளி மீன் கல்லில் முட்டையிட்டு, ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காக்கும். ஏழெட்டு நாட்களில், இரவில் குஞ்சு பொரியும். முட்டை பெரிது, பொரிக்கும் குஞ்சும் ஏறத்தாழ 4 மி.மீ. நீளம் இருக்கும். அதனால் சக்கர உயிரிகளை உடனே தின்னும். பிறகு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் குஞ்சுகளைத் தின்னும். வேறு பல பவளப்பாறை மீன்களோ மிகச் சிறு முட்டைகளை நீரோட்டத்தில் விட்டுவிடும். அவற்றின் குஞ்சின் வாயில் நுழையும் அளவு சிறிய உணவைத் தொடர்ந்து வளர்த்துத் தருவதே கடினம்.

1947-ல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இப்போது கொச்சியில் உள்ளது. அதன் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களில் கோமாளி மீன்களையும் டாம்சல் மீன்களையும் பொரிக்கச் செய்து வளர்த்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்கள் பொரிக்கப்பட்டன. ஆகவே பொரிப்பகத்து மீன் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்பது இயலாத ஒன்றைக் கேட்பதன்று. தொட்டியில் பிறந்த மீன் உலர் உணவைத் தின்னப் பழகியது. தொட்டி வாழ்வுக்கும் பழகியது. எனவே சண்டையும் குறைவு, சாவும் குறைவு.

பங்காய் மீனுக்கு இது மிகவும் பொருந்தும். குஞ்சுகள் தகப்பன் வாயிலிருந்து நேரே அதே பாறையில் இறங்குவதால் நீரோட்டத்தில் வேறு இடம் போய்ப் பரவுவதில்லை. ஓரிடத்து மீன்களைப் பிடித்துவிட்டால் அவ்விடம் வெறுமையாகிவிடும். 2007-ல் அது அழியும் நிலையிலுள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதே காரணத்தால் தொட்டியில் அதை வளர்ப்பது எளிது. எனவே பொரிப்பகத்தில் பிறந்ததை மட்டுமே வாங்க வேண்டும்.

பவளம் எங்கே?

அயல்நாட்டுப் படங்களில் தொட்டிக்குள் உயிருள்ள பவளமும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள் ஆகியன 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்தார்கள். 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மீனுக்குத் தேவை பவளம் என்னும் பெயரன்று. ஒளிய ஒரு பொந்தும், எல்லை காட்ட ஒரு மறைப்பும்தான். சுட்ட பீங்கான் கற்களை அடுக்கிப் பல பொந்துகள் அமைத்தால் போதும். ஒவ்வொரு மீனுக்கும் குறைந்தது இரண்டு பொந்துகள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கற்களிலேயே பாக்டீரியாக்களும் குடியேறும்.

விடும் வரிசை

புதிய மீன் எதையும் நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, மீனிலிருந்து உதிர்ந்து அடித்தளத்தில் பல மடங்காகப் பெருகி மீண்டும் மீன்களைப் பற்றும். அந்நோய்க்குச் செப்பு மருந்து உண்டு. ஆனால் செம்பு இறாலைக் கொன்றுவிடும். ஆகவே மருத்துவமும் தனித்தொட்டியிலேயே நடக்க வேண்டும்.

பிறகு, மிகவும் சாதுவான மீனை முதலில் விடுங்கள். நெருப்புமீனும் கோபியும் தங்கள் பொந்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். அடுத்துப் பங்காய் மீன். கோமாளி மீன்கள் கடைசியில். முதலில் வந்த மீன் 'இது என் இடம்' என்று கொள்ளும் என்பதால், வலியதைக் கடைசியில் விடுவதே முறை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் ஓரிரு வாரம் கழியட்டும். கழிவு கூடுவதற்கேற்ப பாக்டீரியாக்களும் பெருக வேண்டும் அல்லவா?

பழவேற்காட்டு மீன்

கடல் தொட்டி செலவு மிகுந்தது. அதைவிட எளிதான ஒன்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் அதன் உப்புக் குறைகிறது, கோடையில் கூடுகிறது. அங்கு வாழும் மீன்கள் இந்த மாற்றத்தைத் தாங்கிப் பழகியவை. எனவே உப்பு சிறிது கூடினாலும் குறைந்தாலும் அவை உடனே சாவதில்லை.

அவற்றுள் ஆரஞ்சு குரோமைடு என்னும் சிறு மீன் ஏறத்தாழ 8 செ.மீ. வளரும். தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் தோலில் சுரக்கும் வழவழப்பையும் கொத்தித் தின்னும். இளம் ஆரஞ்சு குரோமைடுகள் தம் பெரிய உறவினமான பச்சைக் குரோமைடுகளின் உடலைச் சுத்தம் செய்வதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முட்டையிடும் காலத்தில் மட்டும் சற்றுக் கடுமை காட்டும். மற்ற நாட்களில் அமைதியானவை. அதே நீரில் அழகிய கருங்கோடுகளோடு வரும் கீச்சானை மட்டும் உடன் சேர்க்காதீர்கள். பிற மீன்களின் செதில்களைக் கடித்துத் தின்னும் பழக்கம் அதற்கு உண்டு.

ஒரு கடமை

ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் தொட்டியில் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் வாங்கும் மீன், நீங்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போன பின்னும் உயிரோடு இருக்கலாம். அலுத்துவிட்டது என்று அதை ஏரியிலோ கடலிலோ விடலாகாது. இந்தோ-பசிபிக் கடலுக்குரிய சிங்கமீன் 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது. தொட்டி வைத்தவர்களிடமிருந்து வந்ததென்றே கருதப்படுகிறது. இன்று அது கரீபியக் கடலெங்கும் பரவி அங்குள்ள சிறு மீன்களை அழிக்கிறது. தமிழ்நாட்டின் ஏரி குளங்களில் வலை வீசுவோர் வலையில் விழும் தொட்டித் துப்புரவுக் கெளிறும் இவ்வாறு வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியேறியதே. வைத்துக்கொள்ள இயலாத மீனை, வைத்திருக்கக்கூடிய மற்றொருவரிடமோ கடைக்காரரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

தொட்டி வாங்குமுன் ஒரு மாதம் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் 10 லிட்டர் நீரில் 350 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைத்து, நீர்மட்டத்தில் ஒரு கோடு இட்டு வையுங்கள். நாள்தோறும் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று அளந்து, உப்பில்லாத நீரால் அதைக் கோடு வரை நிரப்புங்கள். வெப்பத்தையும் குறித்து வாருங்கள். முப்பது நாளும் தவறாமல் செய்ய முடிந்தவருக்கு மீன் வளர்க்கும் தகுதி வந்துவிட்டது. ஏழாம் நாளே மறந்துபோனவர், கடையிலுள்ள தொட்டியின் முன் நின்று மீன்களைப் பார்த்து மகிழலாம். மீன்களுக்கும் அதுவே நல்லது.